உடல் கேட்கும் சுங்கம்

நெடுந்தூரப் பயணம் முடித்து வீடு திரும்பிய எவரையும் விசாரித்துப் பாருங்கள். "வழியெல்லாம் உட்கார்ந்தேதான் வந்தேன், ஆனாலும் உடம்பை அடித்துப் போட்டது போலிருக்கிறது" என்பார். துபாயிலிருந்தும் ஜித்தாவிலிருந்தும் விடுப்பில் வரும் நம் சகோதரர்கள் முதல் இரண்டு நாட்கள் வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்பது நம் பெண்மணிகளுக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகள் ஆசையோடு சூழ்ந்து நிற்பார்கள். தந்தையோ பேச்சின் நடுவிலேயே கண் அயர்ந்து விடுவார்.

உட்கார்ந்து வந்தவருக்கே இந்த நிலை என்றால், விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளே தொண்ணூறு நிமிடங்கள் ஓட வேண்டியவரின் நிலை என்ன? ஆம்! கால்பந்து வீரர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. 'குடும்பப் பத்திரிகையில் கால்பந்துக்கு என்ன வேலை?' என்று சிலர் புருவத்தை உயர்த்தக் கூடும். வட சென்னையில் வாழ்பவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். டோல்கேட்டிலிருந்து வியாசர்பாடி வரை, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, அஸர் தொழுகை முடிந்ததும் பந்தோடு ஓடாத பிள்ளைகள் உள்ள தெரு ஏது? மதரஸாவில் எங்களிடம் ஓதும் மாணவர்களிலும் பாதிப் பேருக்குப் பாடம் முடிகிற நேரத்தில் கண் வாசலில்தான் இருக்கும். வியாசர்பாடியின் தனபால் கணேஷ், 2018இல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடியவர். அவரைப் போல வர வேண்டும் என்ற கனவு இங்கே பல வீடுகளில் உண்டு. அந்தக் கனவுக்குப் பயணம் எப்படிக் குறுக்கே நிற்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

எங்கள் ஊரின் பெயரே ஒரு காலத்தில் இங்கே நின்ற சுங்கச் சாவடியை நினைவூட்டுகிறது. வண்டி கடக்க வேண்டுமானால் காசு வைத்துவிட்டுத்தான் கடக்க வேண்டும். உடலும் அப்படித்தான். ஒவ்வொரு பயணத்துக்கும் அது ஒரு சுங்கம் கேட்கிறது. கட்டாமல் கடந்துவிட்டோம் என்று நினைப்பவரிடம் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் வட்டியோடு வசூலித்து விடுகிறது.

இரண்டு வகைக் களைப்பு

பயணக் களைப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வதை மருத்துவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். இந்தப் பிரிவைப் புரிந்து கொண்டால் மற்றவை எளிதாக விளங்கும்.

முதலாவது, பயணத்தால் வரும் சாதாரண அசதி. எந்தத் திசையில் போனாலும், ரயிலில் போனாலும் பேருந்தில் போனாலும் இது வரும். நெடுநேரம் கால்களை மடக்கி உட்காரும்போது இரத்தம் கால்களில் தேங்குகிறது, பாதம் வீங்குகிறது, இடுப்பும் தொடையின் பின்பக்கத் தசையும் இறுகிப் போகின்றன. விமானம் என்றால் இன்னும் சில தொல்லைகள் சேரும். பறக்கும் விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம், ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலையின் மேல் இருப்பதற்குச் சமமானது. அதாவது ஊட்டியின் உயரத்தில் பல மணி நேரம் அமர்ந்திருப்பது போல. அந்தக் காற்றில் ஈரப்பதமும் மிகக் குறைவு. சென்னையின் கடற்காற்றிலேயே வளர்ந்த உடலுக்கு அது பாலைவனக் காற்று. தொண்டை வறள்கிறது, மூக்கு காய்கிறது, சளிக்கும் காய்ச்சலுக்கும் வழி திறக்கிறது. இவற்றோடு தூக்கமும் கெடுகிறது. நல்ல வேளையாக, இந்த அசதி ஓர் இரவு நன்றாகத் தூங்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, உடலின் கடிகாரம் பிசகுவதால் வருவது. ஆங்கிலத்தில் ஜெட் லாக் என்கிறார்கள். அல்லாஹ் நம் மூளைக்குள் ஒரு கடிகாரத்தை வைத்திருக்கிறான். கண் வழியாக நுழையும் சூரிய ஒளிதான் அதற்குச் சாவி கொடுக்கிறது. எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது பசிக்க வேண்டும், எப்போது உடல் சூடேற வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. விடியலுக்குச் சற்று முன் உடலின் வெப்பம் மிகக் குறைந்து, மாலை நேரத்தில் உச்சம் அடைகிறது. தசைகளின் வலிமையும் பெரும்பாலும் அந்த மாலைப் பொழுதில்தான் உச்சத்தில் இருக்கும்.

பல மணி நேர வித்தியாசமுள்ள நாட்டில் போய் இறங்கியதும் கைக்கடிகாரத்தை ஒரு நொடியில் திருப்பி விடலாம். உள்ளே இருக்கும் கடிகாரம் அப்படித் திரும்பாது. ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்பது பொதுக் கணக்கு. கிழக்கு நோக்கிப் போவது மேற்கு நோக்கிப் போவதை விடக் கடினம். ஏனென்றால், மனித உடலின் இயற்கைச் சுற்று 24 மணி நேரத்தை விடச் சற்றே நீளமானது. தூக்கத்தைத் தள்ளிப் போடுவது அதற்கு எளிது. முன்கூட்டியே தூங்கு என்றால் அடம் பிடிக்கும்.

துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் உள்ள வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு என்று மாறும்போது முதல் இரண்டு மூன்று நாட்கள் அவர்கள் படும் பாடு, விமானம் ஏறாமலே வரும் ஜெட் லாக்தான்.

கப்பல் யுகத்தில் இல்லாத தொல்லை

இந்தத் தொல்லை விமானத்தோடு வந்தது. கப்பல் மெதுவாகப் போகும். அதனால் மாலுமிகள் கடிகாரத்தைச் சிறிது சிறிதாக, ஓர் இரவுக்கு ஒரு மணி நேரம் என்பது போல் மாற்றிக் கொண்டே போவார்கள். உடலும் அதே வேகத்தில் பழகிக் கொள்ளும். பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கப்பலில் ஹஜ் சென்ற பெரியவர்கள் இன்றும் நம்மிடையே சிலர் இருக்கிறார்கள். 1995ஆம் ஆண்டோடு அந்தக் கடல் வழிப் பயணம் நின்று போனது. கப்பலில் வாந்தியும் மயக்கமும் உண்டு; ஆனால் கரை இறங்கும்போது மக்காவின் பொழுதும் அவர்களின் உடற்பொழுதும் ஒன்றாகவே இருந்தன.

முதல் உலகக் கோப்பை கால்பந்து 1930இல் தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டில் நடந்தது. பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா ஆகிய அணிகள் காண்டே வெர்டே என்ற ஒரே கப்பலில் ஏறக்குறைய இரண்டு வாரம் பயணம் செய்து போய்ச் சேர்ந்தன. அவர்களுக்குக் கடிகாரத் தொல்லை இல்லை; வேறு தொல்லை இருந்தது. இரண்டு வாரம் கப்பல் தளத்தில் எப்படிப் பந்து உதைப்பது? ஓடவும் குதிக்கவும் செய்து உடலைத் தளர விடாமல் பார்த்துக் கொண்டார்கள். இவ்வளவு நெடிய பயணத்துக்கு அஞ்சியே ஐரோப்பாவின் பல நாடுகள் வரவில்லை. மொத்தம் 13 அணிகளில் ஐரோப்பாவிலிருந்து வந்தவை நான்கு மட்டுமே.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு கதை உண்டு. 1950இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பையில் ஆட இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. இந்தியா போகவில்லை. வெறுங்காலோடு ஆட அனுமதி கிடைக்காததே காரணம் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அன்றைய அணித் தலைவர் சைலன் மன்னா பின்னாளில் அதை மறுத்தார். பயணச் செலவின் பெரும் பகுதியை ஏற்கப் பிரேசில் முன் வந்தும், கடல் கடந்த நெடும் பயணம், பயிற்சிக்குப் போதிய அவகாசமின்மை, வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் எழுந்த கருத்து வேறுபாடு, ஒலிம்பிக்கையே பெரிதாக எண்ணிய மனப்போக்கு என்று பல காரணங்கள் சேர்ந்தே அந்த வாய்ப்பை நழுவ விட்டன. அதற்குப் பின் அந்தக் கதவு நமக்குத் திறக்கவே இல்லை. பயணமும் அணித் தேர்வும் பின்னிப் பிணைந்தவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஹாங்சோவில் நடந்தது என்ன?

அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்றை விரிவாகப் பார்ப்போம். 2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. கால்பந்தில் செப்டம்பர் 19 அன்று இந்தியாவின் முதல் ஆட்டம். எதிரணி, போட்டியை நடத்தும் சீனாவே.

நம் அணி புறப்படும் முன்பே சோதனைகள் தொடங்கி விட்டன. ஐ.எஸ்.எல். போட்டி செப்டம்பர் 21 அன்று தொடங்க இருந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டி, கிளப்புகள் வீரர்களைக் கட்டாயமாக விடுவிக்க வேண்டிய கால அட்டவணைக்குள் வராதது. எனவே கிளப்புகள் தயங்கின. பட்டியல் மாறிக் கொண்டே இருந்தது. கடைசியில் சுனில் சேத்ரியின் தலைமையில் ஓர் அணி சேர்ந்தது. விசா தாமதத்தால் தற்காப்பு வீரர்கள் இருவர் குறித்த நேரத்தில் புறப்பட முடியவில்லை. மற்றவர்கள் ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலையில்தான் ஹாங்சோ போய்ச் சேர்ந்தார்கள். சேர்ந்து பயிற்சி செய்ய நேரமில்லை. மைதானத்தின் புல்லை மிதித்துப் பார்க்கவும் நேரமில்லை.

இனி ஆட்டத்தைக் கவனியுங்கள். 17ஆவது நிமிடத்தில் சீனா முதல் கோலை அடித்தது. பெனால்டி ஒன்றை நம் கோல்காப்பாளர் குர்மீத் சிங் தடுத்தார். முதல் பாதி முடியும் தறுவாயில், கோணமே இல்லாத ஓர் ஓரத்திலிருந்து கே.பி. ராகுல் அடித்த பந்து வலையைத் தொட்டது. இடைவேளையில் ஆட்டம் 1-1 என்று சமநிலை! வந்து ஒரு முழு நாள் கூட ஆகாத அணி, சொந்த மண்ணில் ஆடும் சீனாவுக்கு ஈடு கொடுத்து நின்றது.

இரண்டாம் பாதியில் சீனா நான்கு கோல்கள் அடித்தது. முடிவு 5-1. வீரர்களின் மனம் ஓடச் சொன்னது, கால்கள் கேட்கவில்லை. களைத்தவர்களை மாற்றி இறக்கவும் ஆள் குறைவு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நேர வித்தியாசம் இரண்டரை மணி மட்டுமே. ஆக, இங்கே வேலை செய்தது கடிகாரப் பிசகு அன்று; கெட்ட தூக்கமும் இறுகிய தசையும் கிடைக்காத பயிற்சியும்தான். இன்னும் இரண்டு நாள் முன்பே போய்ச் சேர்ந்திருந்தால் வென்றிருப்போம் என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. சீனா வலுவான அணி. ஆனால் இரண்டாம் பாதி அப்படிச் சரிந்திருக்க வேண்டியதில்லை. இதே அணி இரண்டு நாள் கழித்து வங்கதேசத்தை 1-0 என்று வென்றது. மியான்மருடன் 1-1 என்று சமன் செய்தது. நாக் அவுட் சுற்று வரை போய் சவூதி அரேபியாவிடம் 0-2 என்று தோற்றுத் திரும்பியது.

பயிற்சியாளரின் தராசு

ஓர் ஆட்டத்தில் வீரர் ஒருவர் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். அதில் பெரும் பகுதி நடையும் மெல்லோட்டமும்தான். ஆட்டத்தைத் தீர்மானிப்பவை நடுநடுவே வரும் மின்னல் பாய்ச்சல்கள். களைத்த உடல் மெல்லோட்டத்தைச் சமாளித்து விடும். பாய்ச்சலில்தான் மாட்டிக் கொள்ளும். அந்த நொடியில்தான் தொடையின் பின்பக்கத் தசை கிழிகிறது. கிழிந்தால் வாரக் கணக்கில் ஓய்வு. தூக்கமின்மை மூளையையும் மந்தப்படுத்துவதால், பந்து எங்கே வரும் என்று கணிப்பதும் அரை நொடி தாமதமாகிறது. கால்பந்தில் அரை நொடி என்பது ஒரு கோல்.

எனவே பயிற்சியாளர் ஒரு தராசைத் தூக்கிப் பிடித்தாக வேண்டியிருக்கிறது. ஒரு தட்டில் வீரரின் திறமை. மறு தட்டில் அவருடைய களைப்பு. உலகின் பெரிய கிளப்புகளில் இது ஒவ்வொரு மாதமும் நடக்கும் போராட்டம். தென் கொரியாவின் சன் ஹியூங் மின் 2015 முதல் 2025 வரை லண்டனின் டாட்டன்ஹாம் அணிக்கு ஆடினார். நாட்டுக்காக ஆட அவர் சியோல் போகும்போதெல்லாம் கடிகாரம் எட்டு அல்லது ஒன்பது மணி நேரம் முன்னே போகும். பத்து நாளுக்குள் திரும்பும்போது அதே அளவு பின்னே வரும். உடல் ஒரு பக்கம் பழகி முடிப்பதற்குள் மறு பக்கம் இழுக்கப்படுகிறது. தென் அமெரிக்க வீரர்களின் கதையும் இதுதான்.

2023 நவம்பர் 21 அன்று இரவு பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் பிரேசிலும் அர்ஜென்டினாவும் மோதின. பார்வையாளர் பகுதியில் கலவரம் ஏற்பட்டதால் ஆட்டம் தாமதமாகவே தொடங்கியது. பிரேசிலின் கோல்காப்பாளர் அலிசன் அதில் ஆடிவிட்டு அட்லாண்டிக் கடலைத் தாண்டி இங்கிலாந்து வந்து, 25ஆம் தேதி நண்பகலில் லிவர்பூலுக்காக மான்செஸ்டர் சிட்டியை எதிர்த்து ஆடினார். அந்த ஆட்டத்தில் அவருக்குத் தொடைத் தசையில் காயம் ஏற்பட்டது. பயணம்தான் காரணம் என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. ஆயினும் சர்வதேச ஆட்டங்கள் முடிந்த கையோடு சனிக்கிழமை நண்பகல் ஆட்டங்களை வைப்பது பற்றி அந்த அணியின் பயிற்சியாளர் யுர்கன் கிளாப் பலமுறை முறையிட்டு வந்தது ஏன் என்பது இப்போது புரிகிறதல்லவா?

இன்று பெரிய அணிகள் இதைக் கண் பார்வைக்கு மட்டும் விடுவதில்லை. வீரர் மேலாடைக்குள் அணியும் ஜிபிஎஸ் கருவி, எத்தனை தூரம், எத்தனை பாய்ச்சல் என்று கணக்கிடுகிறது. காலையில் எழுந்ததும் 'எத்தனை மணி நேரம் தூங்கினாய், எங்கே வலிக்கிறது' என்று கேட்டுக் குறித்துக் கொள்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதிக்கச் சொல்லி, வழக்கமான உயரம் வருகிறதா என்று பார்க்கிறார்கள். குறைந்தால், அன்று அவருக்குப் பெஞ்சில்தான் இடம். முன்பு மூன்று மாற்று வீரர்களையே இறக்கலாம் என்றிருந்த விதி 2020 முதல் ஐந்தாகத் தளர்த்தப்பட்டதும் இந்தக் கவலையைச் சற்றுக் குறைத்திருக்கிறது.

கருவிகள் இல்லாத காலத்திலும் இந்தத் தராசை அழகாகப் பிடித்த ஒருவர் நம் நாட்டில் இருந்தார். ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். தொழிலால் பள்ளி ஆசிரியர். அவர் பயிற்சியளித்த இந்திய அணி 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ரஹீம் அவரைப் பின்னாலிருந்து எடுத்து முன்வரிசையில் நிறுத்தினார். அவர் அரையிறுதியிலும் இறுதியிலும் கோல் அடித்தார். தென் கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. தலைக்காயத்தோடு ஒருவரை இறக்குவதை இன்றைய மருத்துவம் ஏற்காது, ஏற்கவும் கூடாது. ஆயினும், ஒவ்வொரு வீரரின் உடல் அன்று எந்த நிலையில் இருக்கிறது, அந்த நிலையில் அவரால் எது முடியும் என்று பார்த்து அணியை அமைக்கும் பார்வை அந்த ஆசிரியரிடம் இருந்தது. புற்றுநோயோடு போராடிக் கொண்டே அந்த வெற்றியைத் தந்த அவர், மறு ஆண்டே இறையடி சேர்ந்தார்.

சென்னை அணி சொல்லும் இரண்டு பாடங்கள்

நம் நாடே ஒரு துணைக் கண்டம். சென்னையின் எஃப்.சி. அணி 2014 முதல் கொச்சிக்கும் கொல்கத்தாவுக்கும் குவாஹாட்டிக்கும் பறந்து பறந்து ஆடிய அணி. ஜாம்ஷெட்பூர் என்றால் ராஞ்சி போன்ற வேறு ஊரில் இறங்கிப் பேருந்தில் போக வேண்டும். நாடு முழுவதும் ஒரே நேரம்தான் என்றாலும் சூரியன் அதைக் கேட்பதில்லை. குளிர் காலத்தில் குவாஹாட்டியில் மாலை 5 மணிக்குள் இருட்டி விடும். கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு, சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியில் 2018-19 ஐ லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி அணி, ஐஸ்வால், இம்பால், ஸ்ரீநகர் என்று நாட்டின் எல்லைகளைத் தொட்டுத்தான் அதை வென்றது.

பயணமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நான் சொல்வதாக எண்ணி விடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறக்க முடியுமா? சென்னை தண்ணீரில் மிதந்தது. விமான நிலையமே மூடப்பட்டது. சென்னையின் எஃப்.சி. தன் அரையிறுதியின் 'சொந்த ஊர்' ஆட்டத்தைப் புனே நகரில் ஆட வேண்டியதாயிற்று. ஊரை விட்டு வெளியே நின்று ஆடிய அந்த அணி, கொல்கத்தாவை 3-0 என்று வென்றது. பிறகு கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் 3-2 என்று வென்று கோப்பையையும் தூக்கியது.

இதற்கு நேர்மாறாக, கொரோனா காலத்தில் 2020-21, 2021-22 ஆகிய இரண்டு பருவங்களும் கோவாவிலேயே நடந்தன. எல்லா அணிகளும் ஒரே இடத்தில் தங்கின. விமானமில்லை, பயண அசதியில்லை. அந்த இரண்டு பருவங்களிலும் சென்னை அணிக்குக் கிடைத்தது எட்டாம் இடம்.

ஆக, பயணம் திறமையை உண்டாக்குவதுமில்லை, அழிப்பதுமில்லை. திறமையும் கட்டுக்கோப்பும் உள்ள அணி சுங்கத்தைக் கட்டிவிட்டுக் கடந்து போகிறது. சமபலமுள்ள இரண்டு அணிகள் மோதும்போதுதான் அந்தச் சிறு களைப்பு பெரிய வித்தியாசமாகி விடுகிறது.

உலகக் கோப்பையை நடத்துவோரும் இதை உணர்ந்திருக்கிறார்கள். 2022இல் கத்தார் நடத்திய உலகக் கோப்பையில் எட்டு மைதானங்களும் ஒரே நகரத்தைச் சுற்றியே இருந்தன. எந்த அணியும் ஆட்டத்துக்காக உள்நாட்டு விமானம் ஏற வேண்டியிருக்கவில்லை. அந்தப் போட்டியில்தான் மொராக்கோ அரையிறுதி வரை வந்து, அவ்வாறு வந்த முதல் ஆப்பிரிக்க நாடு, முதல் அரபு நாடு என்ற பெருமையைப் பெற்றது. 2026ஆம் ஆண்டுப் போட்டியோ அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்று மூன்று நாடுகளின் 16 நகரங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. 48 அணிகள், 104 ஆட்டங்கள். முதல் சுற்று ஆட்டங்களை வட்டாரம் வட்டாரமாகத் தொகுக்க வேண்டிய அவசியம் ஏற்பட்டதற்குப் பயணமே காரணம்.

நம் வீட்டுப் பிள்ளைகள்

விமானத்தில் பறப்பவர்களுக்கு மருத்துவரும் மசாஜ் செய்பவரும் கூடவே போகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு?

எங்கள் பகுதி மாணவர் ஒருவர். பந்து அவர் காலில் ஒட்டிக் கொண்டது போல் ஓடும். வட மாநிலம் ஒன்றில் வீரர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டார். முன்பதிவு கிடைக்கவில்லை. பொதுப் பெட்டியில், கழிப்பறைக்குப் பக்கத்தில் செய்தித்தாளை விரித்து இரண்டு இரவுகள். காலையில் இறங்கினார், அன்று மதியமே மைதானத்தில் நிறுத்தினார்கள். இருபது நிமிடம் ஆட விட்டு, 'ஓட்டம் போதாது' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பி விட்டார்கள். அவர் இன்று கன்டெய்னர் லாரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலையில் இருக்கிறார். கண்ணியமான வேலைதான். ஆனால் அந்த இருபது நிமிடத்தில் எடை போடப்பட்டது அவருடைய ஆட்டமா, அவர் வந்த ரயில் பெட்டியா?

ரயில்வே, ஐ.சி.எஃப்., வங்கிகள், காவல் துறை என்று விளையாட்டின் வழியே வேலை பெற்றுக் குடும்பத்தை நிமிர்த்தியவர்கள் வட சென்னையில் பலர். ஒரு நாள் தேர்வு ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றக் கூடியது. எனவே தேர்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தொலைவிலிருந்து வரும் பிள்ளைக்கு ஓர் இரவு ஓய்வு கொடுங்கள். முடியாவிட்டால், மறுநாள் இன்னொரு முறை ஆட விட்டுப் பாருங்கள். நிறுவையில் நீதி வேண்டும் என்பது கடைத் தராசுக்கு மட்டுமுள்ள கட்டளை அன்று.

பெற்றோருக்கும் சில ஆலோசனைகள்:

குறைந்தது ஒரு நாள் முன்பாகவே அந்த ஊரில் இருக்கும்படி அனுப்புங்கள். தங்குமிடச் செலவைப் பார்த்துத் தயங்காதீர்கள்; பயணமே வீணாவதை விட அது குறைவு. கூடுமான வரை படுத்து வரும் இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

வழியில் மணிக்கு ஒரு முறையாவது எழுந்து நடக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே பாதத்தை மேலும் கீழும் அசைத்தால் இரத்தம் தேங்காது. சிறுநீர் கழிக்க வேண்டுமே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் வருவது பெரிய தவறு.

ரயில் நிலையங்களில் விற்கும் எண்ணெய்ப் பண்டங்களைத் தவிர்த்து, வீட்டிலிருந்தே பழமும் பேரீச்சையும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுங்கள். கட்டுச்சோறு முதல் வேளைக்கு மட்டும் போதும்.

போய்ச் சேர்ந்த அன்று கடும் பயிற்சி வேண்டாம். மெல்லோட்டமும் தசைகளை நீட்டி மடக்கும் பயிற்சியும் போதும். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் போனால் இரவுத் தூக்கம் கெடும். படுக்கையில் கைப்பேசி வேண்டவே வேண்டாம். அதன் ஒளி உடலின் கடிகாரத்தைக் குழப்பும். வெளிநாடு போகிறவராயின், சேர்ந்த ஊரின் பகல் வெளிச்சத்தில் நடப்பது நல்ல மருந்து.

எல்லாவற்றுக்கும் மேலாக, வலி இருந்தால் மறைக்கக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். 'சொன்னால் எடுத்து விடுவார்களோ' என்ற அச்சத்தில் மறைத்து ஆடி, கிழிந்த தசையோடு ஆண்டு முழுவதையும் இழந்தவர்கள் உண்டு.

பயணிக்கு உள்ள சலுகை

நம் மார்க்கம் பயணியைத் தனி மனிதனாகப் பார்க்கிறது என்பதை மதரஸாவின் தொடக்க வகுப்பிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். நான்கு ரக்அத் தொழுகை அவனுக்கு இரண்டாகச் சுருங்குகிறது. ரமளான் நோன்பைப் பிறகு நோற்றுக் கொள்ள அவனுக்கு அனுமதி உண்டு. தொழுகையே சுருக்கப்படுகிறது என்றால், பயணம் மனிதனை எவ்வளவு பலவீனப்படுத்தும் என்பதைப் படைத்தவன் அறிந்தே வைத்திருக்கிறான் என்றுதானே பொருள்? பயணக் களைப்பு என்பது சோம்பேறியின் சாக்கு அன்று, உடலின் உண்மை.

ஆகவே அன்பான வாசகர்களே! அடுத்த முறை தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும்போது, இரண்டாம் பாதியில் கால் தடுமாறும் வீரரைப் பார்த்து 'காசு வாங்கிக் கொண்டு தூங்குகிறான்' என்று சொல்வதற்கு முன், அவர் எங்கிருந்து, எத்தனை மணிக்கு வந்து இறங்கினார் என்று கேளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை தேர்வுக்குப் போய்த் தோற்றுத் திரும்பினாலும் அதே கேள்வியை முதலில் கேளுங்கள். திட்டுவதற்கு நாளை நேரம் இருக்கிறது. இன்று அவனுக்கு வேண்டியது வயிறார ஒரு வேளைச் சோறும் இருட்டறையில் எட்டு மணி நேரத் தூக்கமும்தான். எழுந்ததும், இன்ஷா அல்லாஹ், அவனே பந்தைத் தேடுவான்.